கோவன் எப்போது கிளாஸ்கோ ஆனது? ஸ்காட்லாந்து நகரங்களில் முன்னோரைத் தேடுபவர்களுக்கான எல்லைக் கணக்கு

ஸ்காட்லாந்தில் தன் வேர்களைத் தேடுகிற ஒருவருக்குக் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு தகவல்தான்: கொள்ளுத்தாத்தா கிளாஸ்கோவில் பிறந்தவர். வீட்டில் வழிவழியாகச் சொல்லிவந்திருப்பார்கள். அல்லது கனடாவிலோ நியூசிலாந்திலோ ஒரு கல்லறைக் கல்லில் அப்படிப் பொறித்திருக்கும். சரி என்று ‘ஸ்காட்லாந்ட்ஸ்பீப்பிள்’ என்ற, ஸ்காட்லாந்து அரசின் பழைய பதிவுகளைத் தேடித்தரும் இணையதளத்துக்குப் போய்ப் பெயரையும் ஆண்டையும் கொடுத்து, இடத்துக்குக் கிளாஸ்கோவைத் தேர்ந்தெடுத்துத் தேடுகிறார். ஒன்றும் வரவில்லை. பதிவே செய்யாமல் விட்டார்களோ, பெயரை மாற்றிக்கொண்டாரோ, குடும்பக் கதையே தப்போ என்று சந்தேகம் கிளம்புகிறது. பல நேரங்களில் பதிவு பத்திரமாகவே இருக்கும். அவர் பிறந்த அன்று அந்த வீடு கிளாஸ்கோவுக்குள் இருந்திருக்காது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு பழைய ஆவணத்துக்குப் பின்னாலும் அதை எழுதிய ஓர் அலுவலகம் உண்டு. அந்த அலுவலகத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஞானஸ்நானத்தை எழுதியது திருச்சபையின் பாரிஷ், அதாவது ஒரு தேவாலயத்தின் பொறுப்பில் வரும் வட்டாரம். பிறப்பு இறப்பை எழுதியவர் பதிவாளர். வீட்டு வரிப் பட்டியலைப் போட்டது நகராட்சி அல்லது கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு). இவற்றின் எல்லைக் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருந்தியதே இல்லை. ஒரு கோடு 1846-ல் நகர்ந்தால் இன்னொன்று 1891-ல் நகர்ந்தது, மூன்றாவது 1930 வரை அசையவே இல்லை. அதனால் ‘அவர் எந்த ஊர்?’ என்று கேட்டுத் தேடுவதில் பாதி வேலைதான் நடக்கும். ‘அந்த ஆண்டில், அந்தத் தெரு, இந்த வகை ஆவணத்துக்கு யார் பொறுப்பில் இருந்தது?’ என்று கேட்க வேண்டும். கேட்க நீளமாக இருந்தாலும் பதில் தருகிற கேள்வி அதுதான்.

அடிப்படையை ஒருமுறை பார்த்துவிடுவோம். ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு தொடங்கியது 1855 ஜனவரி 1 அன்று. அதற்கு முந்தைய காலத்துக்கு ஸ்காட்லாந்து திருச்சபையின் பழைய பாரிஷ் ஏடுகள்தான் கதி. 900-க்கும் மேற்பட்ட பாரிஷ்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். வடக்கே ஷெட்லாண்ட் தீவுகளில் 1 என்று தொடங்கித் தெற்கே போகப் போக எண் ஏறும். 1855-க்குப் பிறகு வந்த பதிவு மாவட்டங்களும் பெரும்பாலும் இந்த எண்களையே அடியொற்றின. தேடல் முடிவில் பெயருக்குப் பக்கத்தில் 644, 646, 685, 692 என்று வரும் எண்கள் இவைதான். பலர் இவற்றைக் கண்டுகொள்வதில்லை. என்னைக் கேட்டால், ஊர்ப் பெயரைவிட இந்த எண்ணை நம்பலாம். ஊர்ப் பெயரைப் பின்னால் வந்தவர்கள் திருத்தி எழுதிவிடுகிறார்கள். எண் அந்த ஏடு எங்கே எழுதப்பட்டது என்பதைச் சொல்கிறது.

கிளாஸ்கோவைச் சுற்றிய வளையம்

பழைய கிளாஸ்கோ சின்ன ஊர். அதன் நகரப் பாரிஷின் எண் 644. நகரத்தை ஒட்டிய கிராமப் பகுதிகளை 1596-ல் பிரித்து ‘பாரனி’ என்று தனிப் பாரிஷ் ஆக்கினார்கள், எண் 622. அந்தப் பாரிஷுக்குச் சொந்தக் கட்டடம்கூடக் கிடையாது. கிளாஸ்கோ பேராலயத்தின் கீழ்த்தளத்தில், தூண்களுக்கு நடுவே, சுமார் 200 ஆண்டுகள் அவர்கள் ஆராதனை நடத்தினார்கள். தொழிற்புரட்சி வந்தபோது மக்கள் குவிந்தது இந்தப் பாரனிப் பகுதியில்தான். கால்டன், ஆண்டர்ஸ்டன், ஸ்பிரிங்பர்ன், மேரிஹில் எல்லாம் அதற்குள் வருபவை. தெற்கே கோவன் பாரிஷ், எண் 646. அதிலிருந்து 1771-ல் பிரிந்தது கோர்பல்ஸ். ஆக 1830-ல் ‘கிளாஸ்கோக்காரர்’ என்று நாம் நினைக்கிற ஒருவரின் ஞானஸ்நானம் 644-ஐ விட 622-ல் கிடைக்கவே வாய்ப்பு அதிகம்.

கோவன் பாரிஷில் இன்னொரு விசேஷம், அது கிளைட் ஆற்றின் இரண்டு கரையிலும் பரவியிருந்தது. தென்கரையில் கோவன். வடகரையில் பார்ட்டிக்கும் ஹில்ஹெட்டும். இன்று வரைபடத்தைப் பார்க்கிற யாருக்கும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பார்ட்டிக்கில் பிறந்த குழந்தையைக் கோவன் ஏட்டில் தேட வேண்டும் என்று தோன்றாது.

இதெல்லாம் பாரிஷ் கணக்கு. நகராட்சிக் கணக்கு வேறு. ஸ்காட்லாந்தில் சுயாட்சி பெற்ற ஊரைப் ‘பரோ’ என்பார்கள். 1862-ல் வந்த சட்டம், 700 பேர் வசிக்கிற இடமே தனிப் பரோ ஆகலாம் என்று வழி திறந்துவிட்டது. தண்ணீர், விளக்கு, சாக்கடை, போலீஸ் எல்லாம் தாங்களே பார்த்துக்கொள்ளலாம்; கிளாஸ்கோவுக்கு வரி கட்ட வேண்டாம். வசதியான புறநகர்களுக்குக் கசக்குமா? பார்ட்டிக் 1852-லேயே பழைய சட்டத்தின்படி பரோ ஆகிவிட்டது. பிறகு கோவன் 1864, ஹில்ஹெட் 1869, கிராஸ்ஹில் 1871, கோவன்ஹில் 1877 என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கிளாஸ்கோவைச் சுற்றி ஒரு வளையமே உருவானது. ஒவ்வொன்றுக்கும் சொந்த நகரமன்றம், சொந்த நடவடிக்கைக் குறிப்புகள், சொந்த வரிப் பட்டியல்.

கிளாஸ்கோ அவற்றைத் தவணை முறையில் விழுங்கியது. 1846-ல் கால்டன், ஆண்டர்ஸ்டன், கோர்பல்ஸ். 1891-ல் மேரிஹில், ஹில்ஹெட், கிராஸ்ஹில், கோவன்ஹில், கிழக்கு மேற்கு இரு பொல்லாக்‌ஷீல்ட்ஸ். 1905-ல் கின்னிங் பார்க். 1912-ல் கோவன், பார்ட்டிக், பொல்லாக்‌ஷாஸ் ஆகிய பெரிய ஊர்கள். அந்த இணைப்போடு கிளாஸ்கோவின் மக்கள்தொகை 10 லட்சத்தைத் தாண்டியது. அன்றைக்கு ‘கிளாஸ்கோவாசி’ ஆன லட்சக்கணக்கானோரில் ஒருவர்கூட வீடு மாறவில்லை.

இது ஒரு வாழ்க்கையில் எப்படி விழும் என்று பார்க்க, ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். 1838-ல் கால்டனில் ஒரு கைத்தறி நெசவாளிக்குப் பிறந்தவள். கால்டன் அன்று தனிப் பரோ, பாரனி பாரிஷுக்குள் இருந்தது. ஞானஸ்நானம் 622-ம் எண் ஏட்டில். அவளுக்கு எட்டு வயதாகும்போது கால்டன் கிளாஸ்கோவோடு சேர்ந்துவிடுகிறது. 1859-ல் கால்டனிலேயே கல்யாணம். இப்போது அரசுப் பதிவு வந்துவிட்டதால் அது கிளாஸ்கோவின் 644 வரிசையில். கணவனுக்குக் கப்பல் கட்டும் தளத்தில் வேலை கிடைத்து இருவரும் சில மைல் மேற்கே பார்ட்டிக்குக் குடிபோகிறார்கள். அங்கே பிறந்த பிள்ளைகள் கோவன் பாரிஷின் 646 வரிசையில். கணவன் இறந்து, கையில் காசில்லாமல் நிவாரணம் கேட்கப் போனால் அந்த மனுவை வாங்குவது கோவன் பாரிஷ் அலுவலகம். வீட்டு வரிப் பட்டியல் பார்ட்டிக் பரோவுடையது. 1913-ல் அதே பார்ட்டிக் வீட்டில் அவள் கண்ணை மூடும்போது அந்த வீடு கிளாஸ்கோ மாநகரத்துக்குள் வந்துவிட்டது. எல்லாவற்றையும் கிளாஸ்கோ என்ற ஒரே சொல்லில் தேடினால், அவளுடைய பிறப்பும் பிள்ளைகளும் கண்ணுக்கே படாமல் போகலாம்.

இவள் கணக்கெடுப்புகளில் பிறந்த இடத்தை எப்படிச் சொல்லியிருப்பாள் என்பதும் முக்கியம். 1851 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிறந்த பாரிஷையும் கவுண்டியையும் எழுதினார்கள். ஒருமுறை ‘லானார்க்‌ஷயர், பாரனி’ என்றும், இன்னொரு முறை ‘கால்டன்’ என்றும், வயதான பிறகு ‘கிளாஸ்கோ’ என்றும் சொன்னால் மூன்றும் உண்மை. இணையத்தில் பகிரப்படும் வம்சாவளிப் பட்டியல்களில் இப்படி ஒரே ஆளை இரண்டு ஆட்களாகப் பிரித்துப் போட்டிருப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். பிறந்த இடம் ஒத்துவரவில்லை என்று ஒரு நல்ல ஆதாரத்தைத் தள்ளிவிடுகிறார்கள்.

கவுண்டி எல்லையும் இதற்குள் குறுக்கே ஓடியது. கோவன்ஹில் லானார்க்‌ஷயரில்; அதை ஒட்டியே இருந்த கிராஸ்ஹில் ரென்ஃப்ரூஷயரில். பொல்லாக்‌ஷாஸ் இருந்தது ரென்ஃப்ரூஷயரின் ஈஸ்ட்வுட் பாரிஷில். கோவன்ஹில் பகுதிக்குப் பரோ ஆவதற்கு முன் ‘நோ மேன்ஸ் லேண்ட்’ என்றே பெயர் இருந்தது, யாருக்கும் சொந்தமில்லாத நிலம். 1889 சட்டத்தின்படி அமைந்த எல்லை ஆணையம், ஒரு பாரிஷ் இரண்டு கவுண்டிகளில் கிடக்கக் கூடாது என்று நாடு முழுக்கக் கோடுகளைத் திருத்தியது. அந்த மாற்றங்கள் பெரும்பாலும் 1891 வாக்கில் நடப்புக்கு வந்தன. அதனால் 1881 கணக்கெடுப்பில் ஒரு கவுண்டியில் இருந்த பண்ணை வீடு 1901-ல் வேறு கவுண்டியில் இருந்தால் பதற வேண்டாம். 1893-ல் கிளாஸ்கோ தானே ஒரு தனிக் கவுண்டி ஆகிவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடம் இன்னொரு கோடு. 1872 கல்விச் சட்டம் ஒவ்வொரு பாரிஷுக்கும் பரோவுக்கும் பள்ளிக் குழு அமைத்தது. 1885-ல் ஹில்ஹெட் உயர்நிலைப் பள்ளியைத் திறந்தது கோவன் பாரிஷ் பள்ளிக் குழு. 1891-ல் ஹில்ஹெட் கிளாஸ்கோவுக்குள் போய்விட்டது. ஆனால் பள்ளிக் குழுக்கள் 1919-ல் கலையும்வரை கோவன் குழுவே பள்ளியை நடத்தியது. 1900-ல் அங்கே படித்த பையனின் வீட்டு முகவரி கிளாஸ்கோ, அவன் அப்பா வரி கட்டியது கிளாஸ்கோவுக்கு, பள்ளி நிர்வாகக் குறிப்புகள் மட்டும் கோவன் பெயரில்.

ஏழைகளை எழுதிவைத்த சண்டை

எல்லை என்றாலே தேடலுக்குத் தடங்கல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஸ்காட்லாந்து நகரங்களில் சாதாரண உழைப்பாளிகளைப் பற்றி நமக்குக் கிடைக்கிற மிக விரிவான ஆவணம் எல்லைச் சண்டையிலிருந்தே பிறந்தது. இந்த விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1845 ஏழைகள் சட்டத்தின்படி, திக்கற்றவர்களுக்கு நிவாரணம் கொடுக்கிற பொறுப்பு பாரிஷுடையது. ஆனால் எந்தப் பாரிஷ்? ஒருவருக்குப் பிறந்த பாரிஷில் உரிமை உண்டு. வேறு பாரிஷில் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து, யாரிடமும் கையேந்தாமல் வாழ்ந்திருந்தால் அங்கே புது உரிமை கிடைக்கும். 1898-ல் இதை மூன்று ஆண்டுகளாகக் குறைத்தார்கள். மனைவிக்குக் கணவனின் பாரிஷே பாரிஷ். பசியோடு வந்தவருக்கு முதலில் உதவுவது அவர் நிற்கிற இடத்துப் பாரிஷ். பிறகு அந்தச் செலவை உரிமையுள்ள பாரிஷிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். கொடுக்க வேண்டிய பாரிஷ் சும்மா கொடுக்குமா? ஆதாரம் கேட்கும்.

அதனால் ஏழைகள் ஆய்வாளர் மனுதாரரின் வீட்டுக்கே போய் எல்லாவற்றையும் கேட்டு எழுதினார். பெயர், வயது, பிறந்த இடம், மதம். பெண்ணானால் பிறந்த வீட்டுப் பெயர். எப்போது, எங்கே கல்யாணம். பிள்ளைகளின் பெயரும் வயதும். கணவனின் பெற்றோர் யார், மனைவியின் பெற்றோர் யார், உயிரோடு இருக்கிறார்களா. கடந்த சில ஆண்டுகளில் எந்தெந்தத் தெருவில் எத்தனை மாதம் குடியிருந்தார்கள். கிளாஸ்கோ போன்ற இடத்தில் இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பணம் இருந்தது: நகரப் பாரிஷ், பாரனி, கோவன் மூன்றும் ஒட்டிக்கொண்டிருந்தன, ஒரு வாடகை வீட்டிலிருந்து அடுத்த வாடகை வீட்டுக்குப் போனாலே பாரிஷ் மாறிவிடும். ஐந்து ஆண்டு கணக்கு உடைந்ததா இல்லையா என்பது அந்தத் தெருப் பட்டியலில் இருந்தது.

அயர்லாந்திலிருந்து பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்களின் சந்ததிக்கு இந்த ஏடுகள் பொக்கிஷம். கணக்கெடுப்பில் வெறுமனே ‘அயர்லாந்து’ என்று எழுதப்பட்ட ஒருவருக்கு இங்கே கவுண்டியும் ஊரும் கிடைக்க வாய்ப்புண்டு. உரிமை இல்லாதவரை அயர்லாந்துக்கே திருப்பி அனுப்பலாம் என்று சட்டம் இருந்ததால், ஆய்வாளருக்கு அந்த விவரம் தேவைப்பட்டது. இரக்கமற்ற ஏற்பாடுதான். கையில் குழந்தையோடு நிற்கிறவளிடம் ஐந்து ஆண்டு முகவரியைக் கேட்டிருக்கிறார்கள். அந்த வரிகளைப் படிக்கும்போது மனம் கனக்கும். ஆனாலும் அவளுடைய அம்மாவின் பெயரை வேறு எந்த ஏடும் இந்த அளவுக்கு அக்கறையாக எழுதிவைக்கவில்லை.

கிளாஸ்கோவின் இந்த ஏடுகள் 1851 முதல் மிட்செல் நூலகத்தில் இருக்கும் நகர ஆவணக் காப்பகத்தில் உள்ளன. நகரப் பாரிஷும் பாரனியும் 1898-ல் கிளாஸ்கோ பாரிஷ் என்று ஒன்றாயின. கோர்பல்ஸ் 1873-லேயே கோவனோடு சேர்ந்திருந்தது. கோவன் பரோ 1912-ல் கிளாஸ்கோவுக்குள் மறைந்த பிறகும் கோவன் பாரிஷ் தனியாகவே ஏழைகளைக் கவனித்துக்கொண்டது. 1930-ல் பாரிஷ் மன்றங்கள் ஒழிந்தபோதுதான் அந்தப் பொறுப்பு மாநகரத்தின் கைக்கு வந்தது. எனவே 1920-ல் கோவனில் நிவாரணம் கேட்ட குடும்பத்தைக் கிளாஸ்கோ பாரிஷ் மனுக்களில் தேடிப் பயனில்லை. 1912 என்ற ஆண்டை மட்டும் மனதில் வைத்துத் தேடுபவர்கள் வழக்கமாகத் தவறவிடுவது இங்கேதான்.

ஒரே தெரு, இரண்டு ஊர்

எடின்பரோவிலும் இதே கதை, வேறு ஆண்டுகள். கோட்டையிலிருந்து ஹோலிரூட் அரண்மனைக்கு இறங்கும் ராயல் மைல் இன்று ஒரே சுற்றுலாத் தெரு. அதில் பாதி வழியில், செயின்ட் மேரிஸ் தெருச் சந்திப்பில், சாலையில் பதித்த பித்தளைக் கட்டிகளைக் கவனித்துப் பாருங்கள். நெதர்போ வாயில் நின்ற இடம் அது, 1764-ல் இடித்துவிட்டார்கள். அதற்கு மேலே எடின்பரோ. கீழே கேனன்கேட், 1856 வரை தனிப் பரோ, தனிப் பாரிஷ். மேலே பிறந்த குழந்தைக்கு எடின்பரோ ஏடு, 685-ன் முதல் பிரிவு; கீழே பிறந்த குழந்தைக்கு அதே எண்ணின் மூன்றாம் பிரிவு. நடுவில் இருக்கிற இரண்டாம் பிரிவு செயின்ட் கத்பர்ட்ஸ். கிளாஸ்கோவுக்குப் பாரனி எப்படியோ அப்படி எடின்பரோவைச் சூழ்ந்து கிடந்த பெரிய பாரிஷ் அது.

லீத் கதையைச் சொன்னால் இன்னமும் அங்கே சிலருக்குக் கோபம் வரும். 1833 முதல் சுதந்திரமான பரோவாக இருந்த துறைமுக ஊர். 1920-ல் எடின்பரோவோடு இணைக்கும் பேச்சு வந்தபோது லீத் மக்கள் வாக்களித்துப் பெருவாரியாக எதிர்த்தார்கள். அப்படியும் அந்த ஆண்டு நவம்பரில் இணைப்பு நடந்தது. அதற்கு முன் எடின்பரோ டிராம்கள் கேபிளில் ஓடின, லீத் டிராம்கள் 1905 முதல் மின்சாரத்தில் ஓடின. எல்லையிலுள்ள பில்ரிக்கில் பயணிகள் இறங்கி மாறி ஏற வேண்டும். 1922 வரை அந்தக் குழப்பம் நீடித்தது. டிராமில் போனவர்களுக்கு எல்லை எங்கே என்று நன்றாகவே தெரிந்திருக்கும். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குத்தான் மறந்துவிட்டது.

லீத் பதிவுகள் 692-ம் எண்ணில், வடக்கு தெற்கு என்று இரண்டு பிரிவாக இருக்கும். 685-க்குள் எவ்வளவு தோண்டினாலும் கிடைக்காது. லீத் நகரமன்றத்தின் ஆவணங்கள் இப்போது எடின்பரோ நகரக் காப்பகத்தில். 1896-ல் சேர்ந்த போர்ட்டொபெல்லோ, 1920-ல் லீத்தோடு சேர்ந்த கார்ஸ்டார்ஃபின், கோலிண்டன், லிபர்ட்டன், கிராமண்ட் ஆகிய ஊர்களுக்கும் இப்படித் தனித்தனியாகத்தான் தேட வேண்டும். இங்கே ஒரு கூடுதல் கண்ணி: பழைய ஏடுகளில் ‘எடின்பரோ’ என்பது நகரத்தைக் குறிக்கலாம், கவுண்டியையும் குறிக்கலாம். இன்று மிட்லோதியன் என்கிற கவுண்டிக்கு அன்று எடின்பரோஷயர் என்று பெயர். கணக்கெடுப்பில் வெறுமனே ‘எடின்பரோ’ என்றிருந்தால் நகரத்திலிருந்து பல மைல் தள்ளிய சுரங்கக் கிராமமாகக்கூட இருக்கலாம்.

1921 கணக்கெடுப்பு லீத் எடின்பரோவுக்குள் வந்தபிறகு எடுத்த முதல் கணக்கெடுப்பு. ஜூன் 19 இரவு எடுத்தது. பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 2022 நவம்பரில். 1911-ல் லீத் என்று எளிதாகக் கிடைத்த குடும்பம் 1921-ல் காணவில்லையே என்று தேடுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அபர்தீனில் முக்கியமான ஆண்டு 1891. பழைய அபர்தீன், உட்சைட் இரண்டும் அப்போது சேர்ந்தன. கூடவே டீ ஆற்றுக்குத் தெற்கே இருந்த டோரியும். டோரி அதுவரை வேறு கவுண்டி, கின்கார்டின்ஷயரின் நிக் பாரிஷில் இருந்தது. கின்கார்டின்ஷயர் என்ற பெயரை இலங்கைத் தேயிலையின் வரலாறு படித்தவர்கள் பார்த்திருப்பார்கள். 1867-ல் கண்டிக்கு அருகே லூல்கந்துரத் தோட்டத்தில் வணிக அளவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் அந்தக் கவுண்டிக்காரர். மலையகத் தமிழர்களின் உழைப்பில் எழுந்த ஒரு தொழிலின் தொடக்கத்தோடு பிணைந்த அந்தக் கவுண்டியை இன்றைய நிர்வாக வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. 1975-ல் கவுண்டி நிர்வாகமே போய்விட்டது, இப்போது அது அபர்தீன்ஷயருக்குள் அடங்கும்.

டண்டீக்கு 1913-ல் ப்ராட்டி ஃபெரி சேர்ந்தது. சணல் ஆலை முதலாளிகள் மாளிகை கட்டிய கடற்கரை ஊர். அதன் பெரும்பகுதி மோனிஃபீத் பாரிஷ். கவுண்டியின் பெயர் ஃபார்ஃபர்ஷயர். 1928-ல் ஆங்கஸ் ஆனது. பழைய ஏட்டில் ஒரு பெயர், புதிய அட்டவணையில் ஒரு பெயர் என்றால் இரண்டும் ஒரே நிலம்தான்.

தேடும்போது

எல்லை மாறும்போது தெருப் பெயரும் மாறும். ஒவ்வொரு பரோவிலும் ஒரு மெயின் ஸ்ட்ரீட் இருந்தால், எல்லாம் ஒரே நகரம் ஆனபிறகு தபால்காரர் என்ன செய்வார்? கோர்பல்ஸின் மெயின் ஸ்ட்ரீட், கோர்பல்ஸ் ஸ்ட்ரீட் ஆனது. லீத்தின் சார்லட் ஸ்ட்ரீட், எடின்பரோவின் சார்லட் பெயர்களோடு குழம்பாமல் இருக்க, குயின் சார்லட் ஸ்ட்ரீட் ஆனது. பிறப்புச் சான்றில் உள்ள முகவரியைக் கூகுள் வரைபடத்தில் போட்டு, வேறு பேட்டையிலுள்ள அதே பெயர்த் தெருவில் போய் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவது நடக்கக்கூடியது. ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவைத் துறை) வரைபடங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 19-ம் நூற்றாண்டு நகரத் திட்டப் படங்களில் வீடு வீடாகப் பார்க்கலாம், பாரிஷ் எல்லையும் பரோ எல்லையும் கோடாக ஓடும். 1773 முதல் 1911 வரையிலான தபால் அலுவலக முகவரிப் புத்தகங்களும் அங்கேயே கிடைக்கும். முகவரி கிடைத்ததும் முதலில் அந்தக் காலத்து வரைபடத்தில் அதைக் குறித்துவிடுங்கள். மற்ற வேலையெல்லாம் அதற்கப்புறம்.

வீட்டு மதிப்புப் பட்டியல்களும் கைகொடுக்கும். 1855 முதல் ஆண்டுதோறும் கவுண்டி வாரியாகவும் பரோ வாரியாகவும் போட்டார்கள்: உரிமையாளர், குத்தகைதாரர், குடியிருப்பவர். இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவே பத்து ஆண்டு இடைவெளியை நிரப்ப இதுபோல் உதவுவது வேறில்லை. ஆண்டு வாடகை 4 பவுண்டுக்குக் குறைந்த வீடுகளில் குடியிருந்தவர் பெயரை எழுதக் கட்டாயமில்லை என்பதால், மிக ஏழைக் குடும்பங்கள் இதில் விடுபட்டிருக்கலாம். அவர்களுக்கு மேலே சொன்ன நிவாரண மனுக்கள்தான் வழி.

திருச்சபை எல்லையில் இன்னொரு சிக்கல் உண்டு. மக்கள் பெருகியபோது ஆராதனைக்கு மட்டும் புதிய பாரிஷ்கள் பிரித்தார்கள். வரிக்கும் பதிவுக்கும் பழைய பாரிஷே நீடித்தது. 1843-ல் திருச்சபையே பிளந்து, போதகர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் வெளியேறிச் சுதந்திரத் திருச்சபை தொடங்கினார்கள். 1843-க்கும் 1855-க்கும் இடையே பிறந்த குழந்தை பழைய பாரிஷ் ஏட்டில் இல்லையென்றால் எல்லைக் கோட்டைச் சந்தேகிப்பதற்கு முன், குடும்பம் எந்தச் சபைக்குப் போனது என்று பார்க்க வேண்டும். கத்தோலிக்கர்களின் ஏடுகள் முற்றிலும் தனி, அவற்றின் பங்கு எல்லைகளும் தனி.

இணையத் தேடலில் கவுண்டி, நகரம் என்ற வடிகட்டியை முதலிலேயே போடாதீர்கள். பெயரும் ஆண்டும் மட்டும் கொடுத்துத் தேடி, வரும் பட்டியலில் பதிவு எண்ணைப் பார்த்துக் குறைத்துக்கொண்டு வாருங்கள். பெயர் மிகப் பொதுவானதாக இருந்து ஆயிரக்கணக்கில் வந்தால், அக்கம்பக்கத்துப் பாரிஷ் எண்களை ஒவ்வொன்றாகக் கொடுங்கள். கிடைத்ததைக் குறிக்கும்போது ஏட்டில் உள்ளபடியே இடத்தை எழுதி, பதிவு எண்ணைச் சேர்த்து, இன்றைய பெயரைத் தனியாக வையுங்கள். வம்சாவளி மென்பொருள்கள் ‘பார்ட்டிக், கிளாஸ்கோ’ என்று தாமாகவே திருத்தித் தரும். 1870-ல் பிறந்தவருக்கு அந்தத் திருத்தத்தை ஏற்கக் கூடாது. அடுத்து அதைப் பார்த்து வேலை செய்பவர் தப்பான காப்பகத்துக்குக் கடிதம் எழுதுவார்.

1975 மே 16 அன்று இந்த மொத்த ஏற்பாடும் கலைந்தது. கவுண்டிகள், பரோக்கள் எல்லாம் போய், 9 மண்டலங்கள், 53 மாவட்டங்கள், 3 தீவுப் பகுதிகள் வந்தன. அவையும் 21 ஆண்டுகள்தான் நின்றன. 1996 ஏப்ரல் 1 முதல் 32 மன்றங்கள். பழைய பெயர்கள் சில திரும்பி வந்தன, பழைய எல்லையோடு வரவில்லை. இன்றைய ரென்ஃப்ரூஷயர் பழைய கவுண்டியில் ஒரு துண்டுதான். மற்றவை ஈஸ்ட் ரென்ஃப்ரூஷயர், இன்வர்கிளைட் என்று போயின. டன்பார்ட்டன்ஷயரில் இருந்த கம்பர்னால்ட் இன்று நார்த் லானார்க்‌ஷயரில். வெஸ்ட் லோதியனின் குயின்ஸ்ஃபெரி 1975-ல் எடின்பரோவுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டது. மோனிஃபீத் டண்டீக்குப் போய் 1996-ல் ஆங்கஸுக்குத் திரும்பியது. நிலப் பதிவுத் துறை மட்டும் இன்றும் பழைய கவுண்டி முறையிலேயே பத்திரங்களைப் பிரிக்கிறது, ஆகவே சொத்து ஆவணம் தேடுபவருக்கு இவை எதுவும் பொருட்டில்லை.

இதில் ரதர்க்ளென் நிலைமைதான் அதிகம் குழப்பும். கிளாஸ்கோவுக்குப் பக்கத்திலேயே இருந்தும் நூற்றாண்டுகளாகத் தனி ராயல் பரோவாக (மன்னரின் பட்டயம் பெற்ற பரோவாக), லானார்க்‌ஷயரில் இருந்த ஊர். 1912-ல்கூடச் சிக்காமல் தப்பியது. 1975-ல் கேம்பஸ்லாங்கோடு சேர்த்துக் கிளாஸ்கோ மாவட்டத்தில் போட்டார்கள். 1996-ல் இரண்டும் சவுத் லானார்க்‌ஷயருக்குப் போயின. 1980-ல் அங்கே பிறந்த ஒருவருக்கு இப்போது நடுவயது. அவருடைய பாட்டிக்கு லானார்க்‌ஷயர், அவருக்குக் கிளாஸ்கோ, அவர் பிள்ளைகளுக்குச் சவுத் லானார்க்‌ஷயர். குடும்பம் ஒரே தெருவில் இருந்திருந்தாலும், அந்த ஊரின் கல்லறை ஏட்டை எந்த மன்றத்தில் கேட்பது, 1975-க்கு முந்தைய பரோ ஆவணங்களை எந்தக் காப்பகத்தில் கேட்பது என்று கிளம்புவதற்கு முன் இரண்டு இடத்துக்கும் எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.